புதுசா ரெண்டு பெட்டை ஆடு வாங்கியிருக்கேன், தீனிக்கும் பராமரிப்புக்கும் வழி சொல்லுங்க (சுங்கை சிப்புட், பேராக், மலேசியா)

சிப்புட்_தம்பி | சனி, இரவு 8.15

எல்லாருக்கும் வணக்கம். சுங்கை சிப்புட் பக்கம் ஒரு பால்மர (ரப்பர்) தோட்டத்துல பொறந்தவன் நான். லயத்தை (தொழிலாளர் வரிசை வீடு) உடைச்சு எங்களைத் தாமான் (குடியிருப்புப் பேட்டை) வீட்டுக்கு மாத்தினப்போ எனக்கு ஏழு வயசு. தாத்தா வச்சிருந்த ஆடுங்களை அந்த வாரமே வித்துட்டாங்க. ரொம்ப நாள் ஆசைக்கு அப்புறம் போன வாரம் ரெண்டு பெட்டைக்குட்டி வாங்கினேன். ஒண்ணு கச்சாங் கலப்பு, ஒண்ணு ஜம்னாபாரி கலப்பு. எட்டு மாசம்னு சொன்னாரு வித்தவரு. தராசுல தூக்கிப் பார்த்தேன், 20 கிலோ, 24 கிலோ.

தாமான்ல வளர்க்க முடியாது. அதனால மாமாவோட அரை ஏக்கர் தோட்டத்துல ரம்புத்தான் மரத்தடியில கட்டியிருக்கேன். ஒரு நாளைக்கு எவ்வளவு தீனி? செம்பனை (பாமாயில் மரம்) காட்டுல முளைக்கிற புல்லை அறுத்துப் போடலாமா? மாசா மாசம் வயித்துப் பூச்சி மருந்து ஊத்தணும்னு வித்தவரு சொன்னாரு, அது சரியா? சின்னவ ராத்திரியெல்லாம் கத்துறா, மனசு கேக்கல.

பால்மரத்து_ஐயா | சனி, இரவு 9.02

தம்பி, ரெண்டா வாங்கினீங்களே, அதுவே பாதி வேலை முடிஞ்ச மாதிரி. தனி ஆடு கத்தியே இளைச்சுப் போகும். பட்டியை விட்டுப் புது இடம் வந்த ஆடு நாலஞ்சு நாள் கத்தத்தான் செய்யும். ரெண்டையும் ஒண்ணை ஒண்ணு பாக்குற மாதிரி வைங்க.

ஆனா கயித்துல கட்டிப்போட்டு ராத்திரி விடாதீங்க. கயிறு மரத்தைச் சுத்திக் கழுத்தை இறுக்கிச் செத்த ஆட்டை நான் கண்ணால பார்த்திருக்கேன். தெருநாய் நாலு சேர்ந்து வந்தா கட்டின ஆடு ஓடவும் முடியாது. முதல்ல கொட்டகை, மத்ததெல்லாம் அப்புறம்.

நம்ம ஊரு மழைக்குத் தரைக் கொட்டகை ஆகாது. பரண் போடுங்க. தரையிலேருந்து நாலடி உயரம் இருந்தா அடியில நுழைஞ்சு புழுக்கையை வாரலாம். பலகைக்கு நடுவுல இடைவெளி உங்க சுண்டுவிரல் நுழையுற அளவு, ஒண்ணரை சென்டிமீட்டர். அதைவிடக் கூடினா குட்டி கால் சிக்கி ஒடியும், குறைஞ்சா புழுக்கை கீழே விழாம மேலேயே தேங்கி மூத்திர வாடை மூக்கை எரிக்கும். அந்த வாடைதான் ஆட்டுக்கு நெஞ்சுச் சளியைக் கொண்டு வரும். பெரிய ஆட்டுக்கு ஒண்ணரைச் சதுர மீட்டர் இடம் விடுங்க. மழை அடிக்கிற பக்கம் மட்டும் அடைப்பு, மத்த பக்கம் காத்து ஓடணும். ஏறிப்போற சாய்பலகையில குறுக்குச் சட்டம் அடிங்க, இல்லேன்னா மழையில வழுக்கும்.

எங்க லயத்துக்குப் பின்னாடி 70-கள்ல வரிசையா ஆட்டுக்கொட்டகை இருந்துச்சு. நாலு மணிக்கு வேலைக்காட்டுலேருந்து வந்ததும் பெண்டுங்க தலையில தழைக்கட்டோட வருவாங்க. அந்தச் சத்தம் கேட்டதும் மொத்த ஆடும் எழுந்து நிக்கும்.

பீடோர்_அக்கா | சனி, இரவு 10.30

தீனிக் கணக்கை நான் சொல்றேன் தம்பி. பச்சைத் தழை உடம்பு எடையில பத்துல ஒரு பங்கு. உங்க 20 கிலோ ஆட்டுக்கு 2 கிலோ, 24 கிலோவுக்கு ரெண்டரைக்குக் கொஞ்சம் கம்மி. ஐயா மாதிரி பெரியவங்களுக்குப் பழைய காட்டிக் கணக்குல (ஒரு காட்டி சுமார் 600 கிராம்) சொன்னா 24 கிலோ ஆட்டுக்கு நாலு காட்டிக்குப் பக்கம். ஆனா ஆடு கீழே விழுந்ததைத் தின்னாது, மிதிச்சதைத் தின்னாது. அதனால மூணு கிலோ போட்டாத்தான் ரெண்டு கிலோ உள்ளே போகும். தரையில போடாம நெஞ்சு உயரத்துல தொட்டி கட்டுங்க, இல்லேன்னா தழையைக் கட்டித் தொங்க விடுங்க. ஆடு புல் மேயுற மாடு இல்ல, தலையைத் தூக்கி இலையைக் கடிக்கிற ஜாதி.

நான் வேலியோரம் நேப்பியர் புல் நட்டிருக்கேன். 45 நாள்லேருந்து 60 நாளுக்குள்ள அறுத்துடுவேன், விட்டா தண்டு மூங்கிலாகிடும், சின்ன ஆடு தொடாது. ரெண்டு மூணு அங்குலமா வெட்டிப் போடுங்க. நேப்பியர் மட்டும் போட்டா வயிறு நிறையும், சதை பிடிக்காது. அதோட இலைத்தழை வேணும். கிளிரிசிடியா, பெத்தாய் பெலாலாங் (சவுண்டல்), முசுக்கட்டை, பலா இலை, இதுல எது கிடைக்குதோ அது. கிளிரிசிடியா வாடைக்கு முதல்ல மூஞ்சைத் திருப்பும். ஒரு நாள் நிழல்ல வாட வச்சுக் கொடுத்தா பழகிடும். பெத்தாய் பெலாலாங் மட்டும் மொத்தத் தழையில மூணுல ஒரு பங்கைத் தாண்ட வேணாம், நிறையத் தின்னா முடி கொட்டும்.

தண்ணி ரெண்டு வேளை மாத்துங்க. ஆடு அழுக்குத் தண்ணியைக் குடிக்காது, தாகத்தோடயே நிக்கும். கான் (சாக்கடை) தண்ணி, குட்டைத் தண்ணி வேண்டவே வேணாம். மெலியோய்டோசிஸ் நோய்க் கிருமி சேத்துலயும் தேங்கின தண்ணியிலயும்தான் இருக்கு, ஆட்டுக்கும் வரும், நமக்கும் வரும். நக்குறதுக்கு ஒரு உப்புக்கட்டியை மழை படாத இடத்துல தொங்க விடுங்க.

முக்கியமானது ஒண்ணு. எந்தத் தீனியா இருந்தாலும் திடீர்னு மாத்தாதீங்க. வித்தவரு என்ன போட்டாருன்னு கேட்டு அதையே முதல் வாரம் போடுங்க, புதுசைக் கைப்பிடி கைப்பிடியாக் கூட்டுங்க.

செம்பனை_மண்டோர் | ஞாயிறு, காலை 7.10

நான் ஈப்போ பக்கம் ஒரு தோட்டத்துல மண்டோர் (வேலை மேற்பார்வையாளர்). தம்பி கேட்ட செம்பனைக் காட்டுப் புல் விஷயத்துக்கு வரேன். காட்டுல கொடியா, வெள்ளைப் பூவோட படர்ந்து கிடக்கிற ரும்புட் இஸ்ராயில் ஆட்டுக்கு நல்ல தீனி. தோட்டத்துக்குக் களை, ஆட்டுக்கு விருந்து. புரதம் நேப்பியரைவிட அதிகம். ஆனா கேக்காம அறுக்காதீங்க. எங்க ஆளுங்க புல்லு மருந்து அடிச்ச காட்டுல மூணு நாலு நாளைக்கு இலை பச்சையாத்தான் இருக்கும். பார்த்தா மருந்து பட்டதே தெரியாது. பாராகுவாட்ங்கிற புல்லு மருந்தை 2020 ஜனவரியிலேருந்து நாட்டுல முழுசாத் தடை பண்ணிட்டாங்க, அதனால எல்லாம் பயமில்லாததுன்னு நினைக்காதீங்க. இப்ப அடிக்கிற மருந்தும் ஆட்டு வயித்துக்கு வேணாம்.

எந்தப் பேராங்குல (காட்டுப் பகுதி) எந்தத் தேதி அடிச்சாங்கன்னு மண்டோர்கிட்ட எழுத்துல இருக்கும். காலையில பெரட்டுல (வேலைக்கு ஆள் கூடுற இடம்) வந்து கேட்டா சொல்லிடுவோம். எலி மருந்துக் கட்டியும் மரத்தடியில வைப்போம், மெழுகு மாதிரி இருக்கும். அதனால ஆட்டைக் காட்டுக்குள்ள அவுத்து விடாதீங்க, அறுத்துக் கொண்டு போங்க.

கப்பார்_பண்ணை | ஞாயிறு, மதியம் 1.45

எல்லாரும் தழை தழைன்னே சொல்றீங்க. காலையும் சாயந்திரமும் வேலைக்குப் போற பையன் தினம் ஆறு கிலோ தழைக்கு எங்கே போவான்? செம்பனைக் கொட்டைப் புண்ணாக்கு மலிவு, புரதம் நூத்துக்குப் பதினாலு பதினஞ்சு இருக்கு. நான் பாதிக்குப் பாதி போடுறேன், ஆடு நல்லாத்தான் இருக்கு.

பீடோர்_அக்கா | ஞாயிறு, மதியம் 2.20

உங்க ஆடு நல்லா இருக்கட்டும் அண்ணே. உங்க பட்டியில இருக்கிறதெல்லாம் அதுலயே பழகின பெரிய ஆடு. தம்பிகிட்ட இருக்கிறது குட்டி. அந்தப் புண்ணாக்குல செம்புச் சத்து கூட. வெள்ளாடு ஓரளவு தாங்கும், செம்மறி தாங்கவே தாங்காது, ஈரல் கெட்டுத் திடீர்னு விழும். நாளைக்கு இவரு ஒரு செம்மறியையும் சேர்த்து வாங்கி அதே தொட்டியில விட்டா என்ன ஆகும்? ஒரு ஆட்டுக்கு 200 கிராம் போதும். தழை தின்ன பிறகு கொடுக்கணும், வெறும் வயித்துல கூடாது. தவு (சோயாக்கட்டி) கம்பெனியில கிடைக்கிற சோயாச் சக்கையும் நல்லதுதான், ஆனா அன்னைக்கு வந்தது அன்னைக்கே. மறுநாள் புளிச்ச வாடை வந்தா குப்பையில கொட்டிடுங்க.

கப்பார்_பண்ணை | ஞாயிறு, மதியம் 2.41

செம்மறி விஷயம் எனக்குத் தெரியாது அக்கா. எங்கிட்ட வெள்ளாடு மட்டும்தான். குட்டிக்குக் கம்மியா ஆரம்பிக்கணும்ங்கிறதை ஒத்துக்கிறேன்.

ஓய்வு_மருந்துப்பெட்டி | ஞாயிறு, இரவு 9.15

கால்நடைச் சேவை இலாகாவுல உதவியாளரா இருந்து ஓய்வு வாங்கினவன் நான். பூச்சி மருந்துக் கேள்விக்கு யாரும் பதில் சொல்லல, அதான் எழுதுறேன். மாசா மாசம் எல்லா ஆட்டுக்கும் ஊத்துறது தப்பு. அப்படி ஊத்தி ஊத்தித்தான் நம்ம நாட்டுப் பண்ணைங்கள்ல பல மருந்துக்குப் புழு சாகாமப் போச்சு.

நம்ம ஊர்ல ஆட்டைக் கொல்றது இரத்தம் உறிஞ்சுற வட்டப்புழு. நாலாவது வயித்துல ஒட்டிக்கிட்டுக் குடிக்கும். கழிச்சல்கூட இருக்காது, ஆடு நல்லாத் தின்னும், ஒரு நாள் காலையில படுத்துக் கிடக்கும். இதைக் கண்டுபிடிக்க இமையைப் பாருங்க. வெயில் வெளிச்சத்துல ஆட்டை முழங்காலுக்கு நடுவுல நிறுத்தி, பெருவிரலால மேல் இமையை மூடி லேசா அழுத்தி, இன்னொரு பெருவிரலால கீழ் இமையை இழுங்க. உள்பக்கம் செம்பருத்தி மாதிரி சிவப்பா இருந்தா மருந்தே வேணாம். இளஞ்சிவப்பா இருந்தா அடுத்த வாரம் மறுபடி பாருங்க. வெளுத்திருந்தா அன்னைக்கே மருந்து, எடை போட்டு அளவு பார்த்து. கண்ணால மதிச்சு ஊத்தினா பாதி நேரம் குறைச்சல்தான் போகும். தாடைக்குக் கீழே தண்ணிப்பை மாதிரி தொங்கினா ஒரு மணி நேரம்கூடத் தள்ளிப் போடாதீங்க. தென்னாப்பிரிக்காவுல இமை நிறத்தை அஞ்சு படியாப் பிரிச்சு ஒரு அட்டையே செஞ்சிருக்காங்க. அட்டை இல்லேன்னாலும் ரெண்டு ஆட்டைப் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பார்த்தாலே வித்தியாசம் தெரியும்.

புழுவோட குஞ்சு பனி ஈரத்துல புல்லு மேல ஏறும். அதனால பனி காஞ்ச பிறகு, பத்து மணிக்கு மேல மேய்க்கிறது நல்லது. ஒரே இடத்துல மூணு நாலு நாளைக்கு மேல மேய விடாதீங்க, அந்த இடத்துக்குத் திரும்ப வர ஒரு மாசத்துக்கு மேல ஆகட்டும். நம்ம வெப்பத்துல புழு சீக்கிரம் பொரிக்கும், சீக்கிரமே செத்தும் போகும். பரண் ஆடும் அறுத்த தழையும்னா இந்தத் தொல்லையில முக்கால்வாசி கிடையாது.

சிப்புட்_தம்பி | புதன், இரவு 9.50

அவசரம்!! பெரியவளுக்கு வயிறு உப்பியிருக்கு. கோயில் அன்னதானத்துச் சோறு மீந்துச்சுன்னு அம்மா நாலு மணிக்கு ஒரு வாளி கொண்டு போய் வச்சிருக்காங்க. பாவம், ஆசையாத் தின்னுச்சேன்னுதான் வச்சாங்க. சின்னவ கொஞ்சம்தான் தின்னா. பெரியவ பல்லை நறநறன்னு கடிக்கிறா, அசை போடல, காலை மாத்தி மாத்தி வைக்கிறா. யாராச்சும் இருக்கீங்களா?

ஓய்வு_மருந்துப்பெட்டி | புதன், இரவு 9.54

இருக்கேன். மிச்சச் சோறு இருந்தா உடனே எடுங்க. படுக்க விடாதீங்க, நிக்க வைங்க, முன்கால் மேட்டுல இருக்கட்டும். இடது பக்கம், கடைசி விலாவுக்குப் பின்னாடி பள்ளம் இருக்கே, அங்கே கைமுட்டியை அழுத்தி ஒரு நிமிஷம் வைங்க. உள்ளேருந்து அலை மாதிரி தள்ளுதா? பந்து மாதிரி விறைப்பா இருக்கா, மாவு பிசைஞ்ச மாதிரி இருக்கா?

சிப்புட்_தம்பி | புதன், இரவு 10.01

மாவு மாதிரி அமுங்குது. அலை எதுவும் தெரியல.

ஓய்வு_மருந்துப்பெட்டி | புதன், இரவு 10.04

அப்போ காத்து உப்புசம் இல்ல, சோறு புளிச்சு வயித்துல அமிலம் கட்டுது. வீட்டுல சோடா மாவு இருக்கும், பலகாரத்துக்குப் போடுற சமையல் சோடா. ஒரு பெரிய கரண்டியைக் கால் லிட்டர் வெதுவெதுப்பான தண்ணியில கரைங்க. வாயோரம், பல் இல்லாத இடத்துல ஊசியில்லாத சிரிஞ்சை வச்சுச் சொட்டு சொட்டா விடுங்க. தலையை மேலே தூக்காதீங்க, தூக்கினா நெஞ்சுக்குள்ள போய் அதுவே சாகடிச்சுடும். இருமினா நிறுத்துங்க. ஊத்திக்கிட்டே டாக்டருக்குப் போன் போடுங்க, இது வீட்டு மருந்தோட முடியுற காரியம் இல்ல.

பால்மரத்து_ஐயா | புதன், இரவு 10.06

தம்பி, அம்மாவை ஏதும் சொல்லிடாதீங்க. எங்க காலத்துல எத்தனை வீட்டுல இதே நடந்துச்சு. மெதுவா நடக்க வைங்க.

சிப்புட்_தம்பி | வியாழன், காலை 6.40

உயிரோட இருக்கா. தனியார் கால்நடை டாக்டர் ஒருத்தர் பதினோரு மணிக்கு மேல ஈப்போவுலேருந்து வந்தாரு. ஊசி ரெண்டு போட்டாரு, குழாய் விட்டு வயித்துக்குள்ள மருந்து ஊத்தினாரு. சோடா கொடுத்தது நல்லதாப் போச்சுன்னாரு. மூணு நாளைக்குக் காஞ்ச புல்லும் தண்ணியும் மட்டும்தான். விடியக்காலை அஞ்சு மணிக்கு ஒரு தடவை அசை போட்டா. நான் பக்கத்துலயே கோணிப்பை போட்டு உக்காந்திருந்தேன். தொண்டையில ஒரு உருண்டை மேலே ஏறி வர்றதைக் கண்ணால பார்த்தேன். அம்மா ராத்திரி முழுக்க அழுதாங்க.

பீடோர்_அக்கா | வியாழன், காலை 7.30

அப்பாடா. அம்மாகிட்ட என் சார்பா ஒண்ணு சொல்லுங்க. சோறு, ரொட்டி, தோசை மாவு, பழக்கடையில மீந்த வாழைப்பழம், எல்லாமே ஆட்டுக்கு ஆசை. வயித்துக்குள்ள தழையைச் செரிக்க வைக்கிற கிருமிங்க கோடிக்கணக்குல இருக்கு, திடீர்னு மாவுச்சத்து குவிஞ்சா அதுங்களே செத்துப் போகும். கையால ஏதாச்சும் கொடுக்கணும்னு ஆசைப்பட்டா பலா இலை நாலு கொடுக்கச் சொல்லுங்க.

செம்பனை_மண்டோர் | வியாழன், மாலை 5.25

கோயில்னதும் ஞாபகம் வருது. கோயில் வேலியோரம் அரளி வெட்டிப் போடுவாங்களே, அந்தக் கிளை ஒண்ணு ஆட்டுத் தொட்டியில விழுந்தாலே போதும், இதயம் நின்னுடும். காஞ்ச அரளியிலயும் விஷம் போகாது. பூசைக்கு வர்ற மாலையை ஆட்டுக்குப் போடுற பழக்கம் நம்மகிட்ட உண்டு, அரளி கோத்த மாலையான்னு பார்த்துட்டுப் போடுங்க. மரவள்ளித் தழையைப் பச்சையா அப்படியே போடக் கூடாது, நல்லா வெயில்ல காய வச்சுக் கொஞ்சமாக் கொடுக்கலாம். உண்ணிச்செடி வேண்டவே வேணாம்.

ஓய்வு_மருந்துப்பெட்டி | வியாழன், இரவு 8.40

மண்டோர் சொன்னதோட இன்னொண்ணு. சிக்னல் புல், ரோட்டோரத்துலயும் பழைய மேய்ச்சல் காட்டுலயும் நிறைய இருக்கும். மாடு தின்னு வளரும். அதையே நம்பி வளர்க்கிற ஆட்டுக்கு, முக்கியமா செம்மறிக்கு, ஈரல் கெட்டுக் கண்ணு மஞ்சளாகும். காதும் மூக்கும் வெயில் பட்டா வெந்து தோல் உரியும். கலந்து கொஞ்சம் தின்னா கவலையில்ல, அது மட்டுமே தீனியா ஆகக் கூடாது.

மத்த வேலைங்க: ஆறு எட்டு வாரத்துக்கு ஒரு தடவை குளம்பு சீவுங்க, மழைக்குப் பிறகு சீவினா மிருதுவா இருக்கும். வாயோரம் பொருக்குப் புண் வந்தா கையுறை போட்டுத் தொடுங்க, நமக்கும் ஒட்டும். கோமாரித் தடுப்பூசி பத்தி இலாகா ஆபிஸ்ல கேட்டு வைங்க. ஆட்டை வேற மாநிலத்துக்குக் கொண்டு போகணும்னா அவங்க பெர்மிட் வேணும்.

சிப்புட்_தம்பி | ஞாயிறு, மாலை 6.00 (மூணு வாரம் கழிச்சு)

பெரியவ 26 கிலோ, சின்னவ 22. ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை இமை பாக்குறேன், சின்னவ இமை முதல்ல வெளுப்பா இருந்துச்சு, எடை போட்டு ஒரே தடவை மருந்து கொடுத்தேன், இப்போ சிவந்துடுச்சு. நேத்து பெரியவ வாலை ஆட்டிக்கிட்டே கத்தினா, தீனியும் கம்மி. உடம்பு சரியில்லையா, பருவமா?

பீடோர்_அக்கா | ஞாயிறு, மாலை 6.35

பருவம்தான் தம்பி. 21 நாள் கழிச்சு இதே மாதிரி கத்தினா உறுதி. ஆனா இப்போ கிடாவுக்கு விடாதீங்க, 30 கிலோ தாண்டட்டும். சின்ன உடம்புல சினை பிடிச்சா ஈத்துல தாயும் போகும், குட்டியும் போகும். சினைக்காலம் 150 நாள். குட்டி விழுந்ததும் முதல் ஒரு மணி நேரத்துக்குள்ள சீம்பால் குடிக்கணும், தொப்புளை அயோடின்ல நனைக்கணும். நஞ்சுக்கொடியை வெறுங்கையால தொடாதீங்க. பால் கறந்தா காய்ச்சாமக் குடிக்கவே கூடாது. பினாங்குல பச்சை ஆட்டுப்பால் குடிச்சு நிறையப் பேருக்கு புருசெல்லோசிஸ் காய்ச்சல் வந்தது இந்த நாட்டுல நடந்த கதைதான். மீதியை அந்த நேரம் வரும்போது கேளுங்க, ராத்திரி ரெண்டு மணியானாலும் எழுதுங்க.

பால்மரத்து_ஐயா | ஞாயிறு, இரவு 7.15

கொட்டகை என்னாச்சு தம்பி?

சிப்புட்_தம்பி | ஞாயிறு, இரவு 7.40

தூண் நட்டாச்சு ஐயா, கூரை போட்டாச்சு. மாமா இன்னைக்குப் பலகை அடிச்சுக்கிட்டு இருக்காரு. ஒவ்வொரு பலகைக்கும் ஆணி வைக்கிறதுக்கு முன்னாடி என்னைக் கூப்பிட்டு, இடைவெளியில என் சுண்டுவிரலை விட்டுப் பாக்கச் சொல்றாரு. பாதி முடிஞ்சிருக்கு. அம்மா கீழே நின்னு பலா இலை கொடுத்துக்கிட்டு இருக்காங்க.